பூட்டினவர் கையெழுத்து

"பூட்டினவங்க கையெழுத்து இல்லாம பூட்டைத் தொட மாட்டேன் டீச்சர். நீங்க ஆயிரம் சொன்னாலும் அம்புட்டுத்தான்."

ஞானராஜ் தோளில் மாட்டிய கருவிப் பையைக் கீழே இறக்கவே இல்லை. திண்டுக்கல்லில் பூட்டுக் கடை வைத்திருப்பவன். போன வருஷம் எவனோ ஒருத்தன் தன் வீடு என்று சொல்லிக் கூட்டிப்போக, நம்பித் திறந்துவிட்டு, மூன்று நாள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தவன். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டுவிட்டான். ஒரு கட்டம் 'திறக்கச் சொன்னவர்', அடுத்த கட்டம் 'பூட்டினவர்'. இரண்டும் நிரம்பினால்தான் வேலை.

முதல் கட்டத்தில் 'ம. ஆனந்தமேரி' என்று டீச்சர் கையெழுத்துப் போட்டாயிற்று. இரண்டாவது கட்டம் காலியாக இருந்தது.

ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஈ காக்கை இல்லை. கம்ப்யூட்டர் அறை வாசலில் டீச்சர் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார். நிமிஷத்துக்கு ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காலையில் தானே சுத்தியலால் அடித்துப் பார்த்ததில் கட்டை விரல் வீங்கியிருந்தது. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு அவ்வளவு லேசில் விட்டுவிடுமா?

"யாரு டீச்சர் பூட்டினது?"

"எங்க ஹெச்.எம்."

"அப்ப அவங்ககிட்டயே சாவி வாங்க வேண்டியதுதான?"

"சாவி ஏது? கிணத்துல போட்டுட்டாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன் தம்பி. நீ பூட்டைத் திறப்பா. நாளைக்குப் பத்து மணிக்கு மதுரையில இருந்து எங்க புரொபசர் வாராரு."

"அவரு எதுக்கு வாராரு?"

டீச்சர் நடப்பதை நிறுத்தவில்லை. நடந்தபடியே சொன்னார்.

"இந்த அம்பத்தொரு வயசுல மேற்படிப்புப் படிக்கிறேன். கம்ப்யூட்டர வச்சு எப்படிப் பாடம் நடத்துறது, ஒரு பள்ளிக்கூடத்தை எப்படித் தலைமை தாங்கிக் கொண்டுபோறதுன்னு. ரெண்டு வருசமா ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட மதுரை பஸ்ஸு. கடைசியில ஒரு புராஜெக்ட். பள்ளிக்கூடத்துல படிப்புக்கு எது தடையா இருக்குன்னு கண்டுபிடிச்சு எழுதணும். எழுதுனா மட்டும் பத்தாது, அந்தத் தடையை எடுத்துக் காட்டணும். நாளைக்கு அவர் வாரப்ப புள்ளைக இந்த ரூமுக்குள்ள படிச்சுக்கிட்டு இருக்கணும். இல்லேன்னா ரெண்டு வருசமும் தண்ணியில போட்ட மாதிரிதான்."

"தடை எதுன்னு எழுதியிருக்கீங்க?"

"ஹெச்.எம்.முன்னுதான் எழுதியிருக்கேன்."

ஞானராஜ் சிரித்துவிட்டான். "தைரியந்தான் உங்களுக்கு! அந்தம்மா பாத்தா வேலைக்கே வேட்டு வச்சிருவாங்களே?"

"எல்லாம் படிச்சுட்டாங்க. ஒண்ணும் சொல்லல."

அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. "அப்படி என்ன கோவம் அவங்களுக்கு, கம்ப்யூட்டர் மேல?"

"கோவமில்லப்பா, பயம். நாலு வருசத்துக்கு முன்னாடி பழைய மாணவர் ஒருத்தர் அஞ்சு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தாரு. மொத நாளு சுகன்யான்னு ஒரு எட்டாங்கிளாஸ் புள்ள, 'இதை எப்படி ஆன் பண்றது'ன்னு கேட்டுச்சு. ஹெச்.எம்.முக்குத் தெரியல. எங்கெங்கயோ அமுக்கிப் பாத்தாங்க. புள்ளைக எல்லாம் சிரிச்சிருச்சுக. 'கரண்டு சரியில்ல, மெசினு கெட்டுப்போகும்'னு சொல்லி அன்னைக்குப் பூட்டினதுதான். மத்த டீச்சருங்க சாவி கேட்டு நச்சரிக்கவும் கிணத்துல போட்டுட்டு, தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டாங்க."

டீச்சர் நடையை நிறுத்தினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த சுகன்யா பத்தாவதோட நின்னு இப்ப மில்லுக்குப் போகுது. கம்ப்யூட்டர ஒரு தடவகூடத் தொடல. ஒருத்தரோட வெட்கத்துக்கு அம்புட்டுப் புள்ளைகளும் பலியாகணுமா, சொல்லு!"

ஞானராஜுக்கே ஆத்திரம் வந்தது. அவன் மகளும் எட்டாவதுதான் படிக்கிறாள். ஆனாலும் ஒன்று இடித்தது.

"சரி டீச்சர், அவங்க மனசுக்குள்ள இருந்த வெட்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு வருசமா இதை யாருமே கேக்கலையா?"

"கேக்கத் தைரியம் வரல. இந்தப் படிப்புதான் தைரியம் கொடுத்துச்சு. நேரமாகுது தம்பி, திற."

"எனக்கும் திறக்கத்தான் ஆசை. ஆனா அந்தம்மா நாளைக்கு வந்து, 'என் பூட்டை யாரு திறந்தது'ன்னு கேட்டா, களி திங்கப் போறது நானு. அவங்களைக் கூட்டிட்டு வாங்க, செத்த நேரத்துல திறந்து தாரேன். இல்லாட்டி நான் வாரேன்."

அவன் மொபெட்டை நோக்கி நடந்தான். நாலு எட்டு வைத்திருப்பான்.

"தம்பி, நில்லு. அந்த நோட்டைக் கொடு."

டீச்சர் நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, சுவரில் வைத்து இரண்டாவது கட்டத்தில் எழுத ஆரம்பித்தார்.

ஞானராஜ் பதறிப்போனான். "ஐயையோ டீச்சர்! அடுத்தவங்க கையெழுத்தைப் போடாதீங்க. படிச்சவங்களே கள்ளக் கையெழுத்துப் போட்டா எப்படி?"

அவர் காதில் வாங்கவில்லை. எழுதி முடித்து, கைப்பையிலிருந்து ஏதோ ஒரு முத்திரையை எடுத்து நோட்டில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். அவன் முகத்தைப் பார்க்காமலே நோட்டை நீட்டினார்.

வாங்கிப் பார்த்த ஞானராஜ் தோளிலிருந்த பையைக் கீழே இறக்கினான். 'பூட்டினவர்' கட்டத்திலும் அதே 'ம. ஆனந்தமேரி'தான் இருந்தது, அதன் கீழே மை காயாமல், 'தலைமை ஆசிரியை'.