சும்மா பிடித்துக்கொண்டு நின்ற குறடு

ஒரு மேசையில் இரண்டு குறடுகள் இருந்தன. கம்பி வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக் கழுத்துமாலை செய்வது அவற்றின் தொழில். வளையத்தின் ஒரு முனையை இடக்குறடு பிடித்துக்கொள்ளும்; மறு முனையை வலக்குறடு திருப்பி மூடும்.

அன்று சாயங்கால நாடகத்தில் ராணி போட்டுக்கொள்ள ஒரு மாலை. ஒரே ஒரு வளையம்தான் பாக்கி.

"திருப்புறது நான், மூடுறது நான். நீ சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கிறே," என்றது வலக்குறடு, தொண்டையைச் செருமி.

இடக்குறடும் அதே மாதிரி செருமி, அதே குரலில், "அப்படின்னா நீங்களே பண்ணுங்கண்ணே!" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

வலக்குறடு வளையத்தைக் கவ்வித் திருப்பியது. மாலையும் கூடவே திரும்பியது. இன்னும் வேகமாகத் திருப்பியது. மாலை சுற்றிச் சுற்றி வந்து அதன் கழுத்திலேயே இறுகியது. வளையம் மட்டும் மூடவில்லை.

"அடடா, ராணியே நீங்கதானா அண்ணே? அலங்காரம் ஜோர்!" என்றது இடக்குறடு.

"கிண்டல் போதும்டா தம்பி! வாசல்ல வண்டி வந்தாச்சு. கொஞ்சம் பிடிடா!"

"சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கணும், அவ்வளவுதானே?"

சிக்கைப் பிரித்துவிட்டு இடக்குறடு பிடித்தது. ஒரே திருப்பில் வளையம் மூடிக்கொண்டது. மாலை வண்டியேறிப் போனது.

அதன் பிறகு அன்று முழுக்க, தொண்டையைச் செருமிச் செருமி அண்ணன் குரலிலும், பிறகு தன் குரலிலுமாக, இரண்டு பேர் பேச்சையும் இடக்குறடே பேசிக்கொண்டிருந்தது.