பாதி விலைக்கு ஒரு ஆம்ப்

"பணம் அவசரமா தேவைப்படுதாம்மா?" என்று கேட்டார் பழைய வாத்தியக் கடைக்காரர்.

"அதெல்லாம் இல்லை சார். வீட்டுல இடம் இல்லை. மாமனாருக்குப் பக்கவாதம். ஒரு கையும் காலும் வரலை. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக் கட்டில் வருது. இது இருக்கிற இடத்துலதான் போட்டாகணும்."

சொன்ன பிறகுதான், உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்குத் தோன்றியது.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை அவளுக்கு. வாரத்தில் ஆறு நாள் ஊசியும் குப்பியும். ஏழாவது நாள் ஒரு சின்ன இசைக்குழுவில் பேஸ் கிட்டார். அந்தக் கிட்டாரைச் சும்மா மீட்டினால் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. ஆம்ப் என்கிற இந்தப் பெட்டிதான் அதற்கு வாய். மூன்று வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது.

கடைக்காரர் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"மூலையில பெயர்ந்திருக்கு. இந்தக் குமிழைத் திருகினா கரகரன்னு சத்தம் வருது. பெடல் ரெண்டுலயும் பெயிண்டே இல்லை."

"கால்ல மிதிச்சு ஓசையை மாத்துற சாமான் சார். தேயத்தானே செய்யும்?"

"எல்லாம் சேர்த்துப் பதினொண்ணு."

"பதினோராயிரமா? இதே ஆம்ப் நெட்டுல இருபத்திரண்டுக்குப் போகுது."

"அப்போ நெட்டுலயே வித்துடுங்களேன்."

மூன்று வாரமாக நெட்டில் போட்டுத்தான் வைத்திருந்தாள். பேஸ் ஆம்ப் வேண்டும் என்று ஒரு ஆள்கூடக் கூப்பிடவில்லை.

பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வண்டியில் காத்திருந்தான் டிரம்ஸ்காரன். மற்ற நாளில் அவன் தையல்காரன்.

"எவ்வளவு கொடுத்தாருக்கா?"

சொன்னாள்.

"கழுகுன்னு சும்மாவா பேர் வச்சிருக்கோம்? யாராவது வாத்தியத்தைக் கீழே வைக்கப் போறாங்கன்னா போதும், மேல வட்டம் போட ஆரம்பிச்சுடுவாரு. போன வருஷம் நம்ம கீபோர்டுக்காரர் விக்கும்போது மட்டும் பேரமே பேசாம முழு விலை கொடுத்தாராம். நீ பொம்பளைன்னு இளப்பமா நினைச்சுட்டாரு."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

மறுநாள் கட்டில் வந்தது. அடுத்த இரண்டு வருஷம் அந்தக் கட்டிலைச் சுற்றியே ஓடியது. மாமனாரைப் புரட்டிப் படுக்க வைப்பது, கஞ்சி ஊட்டுவது, விரல் விரலாகப் பிடித்து மடக்கி நீட்டுவது. பகலில் கணவன், வேலை முடிந்து வந்ததும் அவள். பேஸ் கிட்டார் பீரோவுக்குப் பின்னால் உறையோடு நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தடியை ஊன்றிக்கொண்டு சமையலறை வாசல் வரை தானாகவே நடந்து வந்துவிட்டார் மாமனார்.

"இனிமே அந்தக் கட்டில் எனக்கு எதுக்கும்மா?" என்றார். நாக்கு இன்னும் கொஞ்சம் குழறியது. "அதைத் திருப்பிக் கொடுத்துட்டு, உன் பொட்டியை வாங்கிட்டு வந்து வை."

"புதுசு முப்பத்தெட்டு ஆகுதுப்பா" என்றான் கணவன்.

"பழசைத்தானே சொன்னேன்?"

பழசு என்றால் அந்தக் கடைதான். கழுகின் முகத்தில் மறுபடியும் விழிக்க வேண்டுமா என்று ஒரு வாரம் யோசித்தாள். பதினொன்றுக்கு வாங்கியதை இருபத்திரண்டுக்காவது விற்றிருப்பார். வேறு ஏதாவது உருப்படி கிடைக்குமா பார்ப்போம் என்றுதான் போனாள்.

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கம்மா. மாமனார் எப்படி இருக்காரு?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நடக்கிறாரு சார்."

"நல்லது. உள்ளே வாங்க."

பின்னறையில், போர்வை போர்த்திய ஏழெட்டு உருப்படிகள் வரிசையாக இருந்தன. மூன்றாவது போர்வையை விலக்கினார். பெயர்ந்த மூலையோடு அவளுடைய ஆம்ப். மேலேயே இரண்டு பெடல்களும். சுவிட்சைப் போட்டதும் சிவப்பு விளக்கு எரிந்தது. குமிழைத் திருகினார். கரகரப்பு இல்லை.

"மாசம் ஒரு தடவை போட்டுவிடுவேன். சும்மாவே கிடந்தா உள்ளே கெட்டுப் போயிடும். பதினொண்ணு கொடுங்க. குமிழ் புதுசு மாத்தினேன், அதுக்கு ஒரு ஐநூறு."

"இதை யாருமே கேட்கலையா சார்?"

"ஆறேழு பேர் கேட்டாங்க. இது விக்கிறதுக்கு இல்லைன்னு சொல்லிட்டேன்."

இரண்டு வருஷமாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

"கீபோர்டுக்காரருக்கு முழு விலை கொடுத்தீங்களாமே. என்கிட்ட மட்டும் ஏன் சார் பாதிக்குப் பேசினீங்க?"

"அவர் பொண்ணுக்கு ஆபரேஷன்மா. அவருக்கு அன்னைக்குப் பணம் வேணும். நீங்க இடம் இல்லைன்னுதானே வந்தீங்க? இடம் இல்லைன்னு விக்கிறவங்க என்னைக்காவது திரும்பி வருவாங்க."

ஆம்ப்பின் ஒயரைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார்.

"எனக்கும் கையைக் கடிக்கக் கூடாது இல்லையா? அன்னைக்கு நான் இருபத்திரண்டு கொடுத்திருந்தா, இன்னைக்கு உங்களால அந்த விலை கொடுத்து இதைத் திருப்பி வாங்க முடியுமாம்மா?"