அள்ளிக்கொண்டு போனவர்

“இப்பத்தாம்மா ஒருத்தர் வந்து இருந்ததையெல்லாம் அள்ளிட்டுப் போனாரு.”

நாலாவது எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் இதே பதில். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

“ஒண்ணுகூட விட்டு வைக்கலையாண்ணே?”

“அவர் அப்படித்தாம்மா. சல்லடைன்னே பேர் வெச்சிருக்கோம். இந்தச் சிப் எந்தக் கடைக்கு வந்தாலும் அவருக்கு மூக்குல வேர்த்துரும்.”

பட்டாணி அளவு சிப் அது. கம்பெனி அதைச் செய்வதை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது. வெளியூரிலிருந்து வரவழைத்தால் மூன்று வாரம். அவளிடம் இருந்ததோ இன்றைய சாயங்காலம் மட்டும்.

நாளைக் காலை அவள் கணவனுக்குத் தொண்டையில் ஆபரேஷன். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. அதற்குள் முந்நூறு வாக்கியங்களை அவன் குரலில் சுத்தமாகப் பதிந்து கொடுத்தால், பிற்பாடு அவன் டைப் அடிப்பதைக் கம்ப்யூட்டர் அவன் குரலிலேயே பேசும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் குரல் ஏற்கெனவே முக்கால்வாசி போய்விட்டது. கடையில் விற்கிற மைக்கில் பதிந்தால் அவனைவிட ஃபேன்தான் தெளிவாகப் பேசியது. ஃபேனை நிறுத்தினால் பக்கத்து வீட்டு மோட்டார் பேசியது.

காது மெஷின் ரிப்பேர் பார்ப்பவள் அவள். இதற்கெல்லாம் அசருகிற ஆளா? மைக்கைத் தொண்டையிலேயே ஒட்டவைத்து, அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டியையும் தன் கையாலேயே செய்துவிட்டாள். எல்லாம் தயார், சன்னமான குரலை இரைச்சலில்லாமல் பெரிதாக்கித் தரும் அந்த ஒரு சிப்பைத் தவிர. வேறு ரகம் போட்டால் இரைச்சல் காதைக் கிழித்தது.

போன் அடித்தது. கணவன்தான். தெருச் சத்தத்தில் வெறும் மூச்சு மட்டும் கேட்டது.

“கிடைச்சிரும். நீங்க இப்பப் பேசாதீங்க, சாயங்காலத்துக்கு மிச்சம் வைங்க,” என்று சொல்லிவிட்டு ஐந்தாவது கடைக்கு ஓடினாள். அந்தத் தெருவில் அதுதான் கடைசிக் கடை.

அங்கே மேசைக்கு முன்னால் ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றிருந்தார். கடைக்காரர் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே பதினொரு சிப்.

“சார், நீங்கதான் சல்லடையா?”

“அப்படித்தான் கூப்பிடறாங்க.”

பதுக்கல்காரர் என்றால் தொப்பையும் மோதிரமுமாக இருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். இவருக்குச் சட்டைக் காலரே நைந்து தொங்கியது. சரி, கஞ்சன் வேறு என்று முடிவுகட்டினாள்.

“அதுல ஒண்ணு எனக்குக் கொடுங்க சார். என்ன விலை சொன்னாலும் தரேன்.”

“இது விக்கறதுக்கு இல்லம்மா.”

அவள் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கணவன், தொண்டை, முந்நூறு வாக்கியம். கடைக்காரர் கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

சல்லடை கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஆபரேஷன் என்னிக்கு?”

“நாளைக்குக் காலையில.”

“அப்ப இதைத் தரவே மாட்டேன்.”

அவளுக்குச் சுர்ரென்று தலைக்கு ஏறிவிட்டது. “மனுஷன்தானா நீங்க? பூட்டி வெச்சு, ரெண்டு வருஷம் கழிச்சுப் பத்து மடங்குக்கு விப்பீங்க. அதானே?”

கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். “ஒண்ணுதானே கேக்கறாங்க. கொடுங்க சார், பாவம்.”

அவர் உறையைச் சட்டைப் பைக்குள் போடப் போனார். அவள் எட்டிப் பிடுங்கினாள். உறை கிழிந்து சிப்புகள் மேசையில் சிதறின. ஒன்றை எடுத்து உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டாள்.

“போலீஸைக் கூப்பிடுங்க. எனக்குப் பரவாயில்லை.”

அவர் கூப்பிடவில்லை. தோள்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலையும் பஞ்சையும் எடுத்தார். நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி. மேசையில் கிடந்த ஒரு சிப்பை எடுத்து இரண்டு தேய் தேய்த்தார். மேலே அச்சிட்டிருந்த எண் கறுப்புப் பூச்சோடு சேர்ந்து பஞ்சுக்கு வந்துவிட்டது. அடியில் வேறொரு எண், மட்டமான வேறொரு ரகம்.

“உங்க கையில இருக்கறதையும் கொடுங்க.”

அவள் விரல்களைத் திறந்தாள். அதுவும் அப்படித்தான்.

“சத்தியமா எனக்குத் தெரியாது சார்,” என்றார் கடைக்காரர். டீ ஆறிப்போயிருந்தது.

“தெரியும்னு நான் சொல்லலையே. ஒரே மூட்டையில வந்து தெரு முழுக்கப் பரவியிருக்கு. போலின்னு சொன்னா சண்டைக்கு வர்றாங்க. இந்தப் பக்கம் நான் போனதும் அந்தப் பக்கம் யாருக்காவது வித்துடறாங்க. அதான் நானே வாங்கிடறேன்.”

பேசிக்கொண்டே கட்டரால் ஒவ்வொரு சிப்பின் காலையும் நறுக்கினார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “இதைப் போட்டிருந்தா என்ன சார் ஆயிருக்கும்?”

“ஆரம்பத்துல நல்லாத்தான் கேக்கும். பத்து நிமிஷத்துல சூடாகி வெறும் இரைச்சலாப் பதியும். எல்லாம் முடிஞ்சு போட்டுப் பாக்கும்போதுதான் தெரியும்.”

பைக்குள்ளிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்தார். கிட்டத்தட்ட அவள் செய்ததைப் போலவே இருந்தது. மூடியைக் கழற்றி, நடுவிலிருந்த சிப்பை நெம்பி எடுத்து, பஞ்சால் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். எண் அழியவில்லை.

“இந்தாங்க, இது அசல். ஓடுங்க, நேரமாகுது.”

அவளுக்குக் கை நீட்டவே கூச்சமாக இருந்தது. “இதைக் கொடுத்துட்டா உங்க பெட்டிக்கு?”

அவர் மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டே சொன்னார்.

“என் பொண்டாட்டிக்கும் இதே ஆபரேஷன்தாம்மா. இந்தச் சிப் என் கைக்குக் கிடைச்சது, அது முடிஞ்ச ஒன்பதாம் நாள்.”