சுடாத தரை

“ஷூவைக் கழட்டிட்டு வா, நெவில். நீ ஏமாத்திப் போட்ட தரையா இருந்தாலும் அது என் தரை!”

கதவைத் திறந்ததுமே மிஸஸ் ஃபர்த் பொரிந்தாள். எழுபத்தாறு வயது. ஜனவரிக் குளிரில் வெறுங்காலோடு நின்றாள்.

நெவில் வாசலிலேயே ஷூவைக் கழற்றினான். ஹாலிஃபாக்ஸின் அந்தக் கல்வீட்டு வரிசையில் அவன் போட்ட முதல் சூடேற்றும் தரை இதுதான். “மிஸஸ் ஃபர்த் என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டு உன்னைக் கூப்பிடறோம்” என்று இன்னும் நாலு வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள். மிஸஸ் ஃபர்த்தோ, நெவில் ஏமாற்றிவிட்டான் என்று நேற்றிலிருந்து வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்னங்க குறை?”

“என்ன குறையா? தரை ஐஸ்கட்டி! ‘காலுறையைக் கழட்டிட்டு நடங்க, சொர்க்கம் தெரியும்’னியே. மூணு நாளா நடக்கறேன். சொர்க்கமும் தெரியல, சூடும் தெரியல. கால் மரத்துப் போகுதேன்னுதானே இந்தக் கண்றாவியையே போட்டேன்?”

“பாய்லர் ஓடுதே...”

“ஓடுது. சூடெல்லாம் கீழே போகுது! பலகைக்கு அடியில ரெண்டடி வெறும் பள்ளம். சுவர்ல காத்துக்குன்னு விட்ட ஓட்டைச் செங்கல் வேற. குளிர்காத்து உள்ளே ஊளையிடுது. சூடு இறங்காம நடுவுல பஞ்சு அடைக்கணும். நீ அடைக்கல. எனக்குத் தெரியாதா?”

நெவிலுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் யாரும் அவனை அப்படிச் சொன்னதில்லை.

“கட்டைக்குக் கட்டை வலை கட்டி, விரல் நுழைய இடம் விடாம பஞ்சு அடைச்சேன். அதுமேலதான் வெந்நீர்க் குழாய், அதுமேலதான் பலகை. இதோ போட்டோ!”

“யார் வீட்டுப் போட்டோவோ!”

“பஞ்சுமேல படுத்திருக்கறது உங்க பூனை.”

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். “ஹெக்டர் எங்கே வேணாலும் படுப்பான். சோம்பேறி.”

ஹெக்டர் இப்போதும் அறை நடுவில் நாலு காலையும் விரித்து மல்லாந்து கிடந்தது.

“டீ வச்சிருக்கேன். குடிச்சுட்டுப் பலகையைப் பிரி.”

“ரெண்டு ஸ்பூன் சர்க்கரை...”

“டாக்டர் வேணாம்னு சொல்லி, இந்த வீட்டுல சர்க்கரை வாங்கி எட்டு வருஷமாச்சு. பேச்சை மாத்தாதே! நடந்தா டிக் டிக்னு சத்தம் வேற.”

“பலகை சூட்டுல விரியும்ங்க. கொஞ்ச நாள் சத்தம் வரத்தான் செய்யும்.”

“நான் நடந்தா மட்டும் விரியுமா? நின்னா விரியாதா?”

நெவில் வெப்பமானியை எடுத்துத் தரையில் வைத்தான்.

“இருபத்தாறு டிகிரி. பாருங்க!”

“உன் கருவி உனக்குத்தானே சாட்சி சொல்லும்! சரி, இதுக்கு என்ன சொல்றே?”

அவள் விரல் நீட்டிய இடத்தில், வெளிர்நிற ஓக் பலகைமேல் கருஞ்சிவப்புப் பொட்டுகள். சமையலறைக் கதவிலிருந்து வரிசையாக வந்தன.

“வார்னிஷைச் சிந்திட்டுத் துடைக்காமப் போயிருக்கே!”

“நான் பூசினது நிறமே இல்லாத எண்ணெய். சிவப்பு என் வண்டியிலேயே கிடையாது. போறப்போ ஒரு தூசி இல்லாம கூட்டிட்டுத்தான் போனேன்.”

“அப்போ யார் சிந்தினா? பாதிரியாரா?”

“அவரையே கேளுங்க!” நெவிலுக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “தெரு முழுக்க என் பேரைக் கெடுத்தாச்சு. இது எங்கேயிருந்து வருதுன்னு இன்னைக்குப் பார்த்துட்டுத்தான் போவேன்!”

மண்டியிட்டுத் தவழ்ந்தபடியே பொட்டுகளைத் தொடர்ந்தான். முழங்காலுக்கும் உள்ளங்கைக்கும் பலகை இதமாகச் சுட்டது. பொட்டுகள் சன்னலைச் சுற்றின. ஹெக்டரைத் தாண்டின. சாய்வு நாற்காலிப் பக்கம் திரும்பின. கடைசிப் பொட்டில் விரலை வைத்தான். ஈரம்.

நிமிர்ந்தான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மிஸஸ் ஃபர்த் அங்கேதான் நின்றிருந்தாள்.

“கொஞ்சம் உட்காருங்க, மிஸஸ் ஃபர்த். அந்த வலது காலைத் தூக்குங்க.”

“எதுக்கு? தரையை விட்டுட்டு என் காலை ரிப்பேர் பண்ணப் போறியா?”

முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்து தூக்கினாள். நெவில் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

“என்ன, வாயடைச்சுப் போச்சா? தப்பு உன்மேலதான்னு ஒத்துக்கறியா?”

“ஒத்துக்கறேங்க” என்றான் மெதுவாக. அவன் பலகைக்கு அடித்தபோது தவறவிட்ட ஆணிகளில் ஒன்று, தலை மட்டும் வெளியே தெரிய, அவள் குதிகாலில் ஏறியிருந்தது. அதை விரல் நுனியால் லேசாகத் தொட்டான்.

“இது... வலிக்கலீங்களா?”

“எது?” என்றாள் மிஸஸ் ஃபர்த்.