களிமண் கை

"கை மட்டும் சரியில்ல தம்பி," என்றார் மறைந்த தலைவரின் மனைவி.

களிமண் சிலையை வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் வீட்டார் பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். சிற்பிக்கு முகம் வாடியது. "ஊரையே ஆசீர்வாதம் பண்ற கைம்மா. கமிட்டி அப்படித்தான் கேட்டாங்க."

"அவர் கை இப்படி இருந்ததே இல்ல. இன்னும் மேல தூக்குங்க. கொஞ்சம் பின்னால. விரலெல்லாம் விறைப்பா இருக்கணும்."

சிற்பி தோளுக்குள் இருந்த கம்பியை வளைத்து, மண்ணை அப்பினார். சிலைக்குத் தனிக் கம்பீரமே வந்துவிட்டது. "கூடவே வாழ்ந்தவங்க நீங்க, உங்களுக்குத் தெரியாததா!"

அப்போது, காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள் மகள், கல்லூரிப் பேராசிரியை. சிலையை நிமிர்ந்து பார்த்தவள், சட்டென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"இப்ப அச்சு அசலா அவரேதான்," என்றார் அம்மா. "வார்த்துடுங்க."