இரண்டு பத்தி அகலம்

"எதையும் மறைக்காமப் பேசணும் சார்" என்று செல்போனில் பதிவைத் தொடங்கினாள் நிருபர்.

கட்டிலில் சாய்ந்திருந்த ஓவியர் சிரித்தார். "மறைக்க என்னம்மா இருக்கு? எனக்கு மூக்கு நுனியில கோபம். பையன் என்கிட்ட பேசிப் பதினோரு வருஷமாச்சு. தப்பு என்னோடதுதான்னு எழுதிடு."

எழுதிக்கொண்டாள்.

"பேட்டி எப்ப வரும்?"

அவள் குறிப்பேட்டைப் புரட்டினாள். "ஞாயிறு மலர்ல, முழுப் பக்கம். தேதிதான் இன்னும் முடிவாகலை சார்."

அவர் தலையணைக்கடியிலிருந்து ஓர் உறையை எடுத்தார். உள்ளே, கறுப்பு மையில் அவர் முகம்.

"இந்தப் படத்தைப் போடு."

"முழுப் பக்கத்துக்கு இது சின்னதா இருக்கே சார்?"

"உங்க பத்திரிகைல இரங்கல் செய்திக்கு முப்பது வருஷம் முகம் வரைஞ்சவன் நான். ஆள் படுத்துட்டார்னு தெரிஞ்சதுமே ஒருத்தர் போய்ப் பேசி எழுதி வச்சுப்பார், நான் வரைஞ்சு வச்சுப்பேன். ரெண்டு பத்தி அகலம். அளவு மறக்குமா?"

அவள் பதிவை நிறுத்தினாள். "மன்னிச்சிடுங்க சார்."

"உன் வேலையைத்தானே செய்யறே? பையனைப் பத்தின வரியை மட்டும் வெட்ட விடாதே. என்னை எடுக்கற அன்னைக்கு எப்படியும் வருவான். அதைப் படிச்சிட்டு வரட்டும்."