விளக்கம் இல்லாத ஓவியம்

எதிரில் இருப்பவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதைக் காதுக்குள் சொல்லிவிடும் விளக்கிக் கருவியை நம்பியே நறுமுகையும் எழிலனும் குடும்பம் நடத்தினார்கள். ஒருவரையொருவர் கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கடைசியில், பிரிந்துவிடுவதே நல்லது என்று அதுவே சொன்னது.

கோவை குடும்பநல நீதிமன்றத்தில் அவர்கள் காத்திருந்தபோது எதிர்ச் சுவரில் ஓர் ஓவியம் தெரிந்தது. வெண்பனி மூடிய வயல்வெளி, ஜன்னலில் வெளிச்சத்துடன் ஒற்றை வீடு, பாதையில் கூனிக்கொண்டு நடக்கும் ஒருவன்.

"இந்தப் படத்துக்கு விளக்கம் இல்லை" என்றது விளக்கி.

"பாவம், வீட்டை விட்டுப் போறான்" என்றான் எழிலன், தன்னையறியாமல்.

"நல்லாப் பாருங்க. வீட்டை விட்டுப் போறவன் எதுக்கு விறகு சுமக்கறான்?"

அவன் எழுந்துபோய் உற்றுப் பார்த்தான். முதுகில் இருந்தது விறகுதான்.

"வீட்ல பொண்டாட்டி குளிர்ல நடுங்குவாளேன்னு விறகு எடுக்கப் போயிருப்பான்."

"அவளும் ஜன்னல்லயே நின்னிருப்பா."

"நீ எனக்காக அப்படி நின்னியா?"

அவள் நினைப்பதை விளக்கி அவன் காதில் சொல்லத் தொடங்கியது. எழிலன் அதைக் கழற்றிவிட்டான்.

"தினமும் நின்னேங்க" என்றாள் நறுமுகை.

உள்ளேயிருந்து அவர்கள் பெயரைக் கூப்பிட்டார்கள்.

"கொஞ்சம் இருங்க" என்று எழிலன் குரல் கொடுத்தான். "நாங்க இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கோம்."